ஒன்றுக்குக் கீழே

கிருஷ்ணாபுரம் தாண்டி பஸ் வளைவில் திரும்பும்போது சட்டைப்பையில் செல்போன் ஒரு தடவை அதிர்ந்து ஓய்ந்தது. இப்போது பார்க்க வேண்டாம், மணப்பாடு போய்ச் சேர்ந்து, கல்யாண வீட்டில் முகம் கழுவி ஒரு காபி குடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று தனசிங் நினைத்து முடிப்பதற்குள் ஒரு கை அதை எடுத்துவிட்டது, நெற்றியில் கிடந்த கண்ணாடியை இன்னொரு கை மூக்குக்கு இறக்கிவிட்டது. லேபிலிருந்து வந்த செய்திதான். ஹெப்சிபா, பெண், வயது ஐம்பத்து நான்கு. தைரோகுளோபுலின். அதற்கு நேராக வழக்கமாக இருக்கவேண்டிய குறி, குருவி அலகு திறந்த மாதிரி இருக்கும் அந்த 'இதற்குக் கீழே' என்கிற குறி, இந்தத் தடவை இல்லை. ஆறு வருஷமாக அந்த இடத்தில் ஒன்றுக்குக் கீழே என்றுதான் வரும். இன்று 0.4 என்று இருந்தது. மொட்டையாகப் புள்ளி நான்கு. ஒருவேளை குறி திரையின் ஓரத்தில் மறைந்திருக்குமோ என்று விரலால் இழுத்துப் பார்த்தார். மறைந்திருக்கவில்லை. "யாரு?" என்றாள் மனைவி ஹெப்சிபா. ஜன்னலோரத்தில் அவித்த கடலைப் பொட்டலத்தை மடியில் வைத்து உரித்துக்கொண்டிருந்தாள். "ஆபீஸ்ல இருந்து." "லீவு போட்டாலும் விட மாட்டாவளா?" சொளகில் தவிடு புடைக்கிற சத்தம் மாதிரி இருக்கும் அவளுடைய குரல் பஸ் இரைச்சலில் பாதி கரைந்து பாதிதான் வந்து சேர்ந்தது. அவர் செல்போனைத் திரும்பப் பைக்குள் போட்டார். போட்ட பிறகு அது சட்டைத் துணி வழியாகச் சூடாக இருப்பது போலிருந்தது. செல்போன் சூடாகத்தான் இருக்கும், வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்கிறது, என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

தைராய்டு செல்லைத் தவிர உடம்பில் வேறு எதுவும் தைரோகுளோபுலின் என்கிற அந்தப் புரதத்தைச் செய்யாது. ஹெப்சிபாவுக்குத் தைராய்டே கிடையாது. புற்றுநோய் என்று கழுத்தைத் திறந்து எடுத்தாயிற்று, மிச்சம் மீதி எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் எரியட்டும் என்று அயோடின் மருந்தும் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு ரத்தத்தில் அது இருக்கக்கூடாது. இருந்தால் எங்கேயோ ஒரு செல் இருக்கிறது என்று அர்த்தம், ஒன்று இருந்தால் இன்னொன்று இருக்கலாம், நுரையீரலில், எலும்பில், கழுத்து நரம்புக்குப் பின்னால் டாக்டரின் கத்தி போகத் தயங்கிய ஏதோ ஓர் இடுக்கில். அதனால்தான் வருஷா வருஷம் பரிசோதனை. ஒன்றுக்குக் கீழே என்று வந்ததும் ஹெப்சிபா "பாஸ்" என்பாள், விளையாட்டு டீச்சராகப் பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்துக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறபோது சொல்வது போல. சொல்லிவிட்டுக் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவாள். அவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார். கீழே. எவ்வளவு கீழே? ஒன்றுக்குக் கீழே எத்தனையோ எண்கள் இருக்கின்றன. சைபர் ஒன்றுக்குக் கீழே. புள்ளி ஐந்தும் ஒன்றுக்குக் கீழே. புள்ளி ஒன்பது ஒன்பதும் ஒன்றுக்குக் கீழேதான். இப்போது பஸ் செய்துங்கநல்லூரில் நின்றது. ஒரு அம்மாள் கோழிக் கூடையோடு ஏறினாள். கூடைக்குள்ளிருந்து ஒரு கோழி இவரையே பார்த்தது. ஹெப்சிபா ஒரு கை கடலையை அவர் உள்ளங்கையில் கொட்டி, "சும்மா வச்சிக்கிட்டு இருக்காதிய, தின்னுங்க" என்றாள். அவர் தின்றார். உப்பு இருந்தது. உப்பு இருக்கிறது என்று நாக்கு சொன்னதை மனசு நம்பாதது போல இன்னொன்றையும் தின்றுபார்த்தார்.

இந்த ஒரு விஷயத்தைத்தான் அவர் மருத்துவக் கல்லூரியில் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறார். அவர் டாக்டர் இல்லை, புள்ளியியல்காரர். ஆராய்ச்சி செய்கிற டாக்டர்கள் எல்லாரும் கடைசியில் ஒரு பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்கு வந்து நிற்பார்கள். போன மாசம் ஆரிஃப் என்ற பையன் வந்தான், எம்.டி. படிக்கிறவன், கெட்டிக்காரன், சட்டையில் எப்போதும் மை இருக்கும். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்த்திருந்தான். பாதிக் குழந்தைகளுக்கு மெஷின் ஒன்றும் சொல்லவில்லை, அளக்கிற எல்லைக்குக் கீழே என்று மட்டும் சொல்லிவிட்டது. அந்த இடம் பூராவும் அவன் சைபர் போட்டு வைத்திருந்தான். "ஏம்ப்பா, மெஷின் தெரியலன்னு சொல்லுது. நீ இல்லன்னு எழுதியிருக்கே. தெரியாததும் இல்லாததும் ஒண்ணா?" பையன் முழித்தான். "அப்ப எல்லையில பாதி போட்டுரவா சார்? நெறைய பேப்பர்ல அப்படித்தான் போட்டிருக்காங்க. எல்லைய ரூட் டூவால வகுத்தும் போடுறாங்க." "ஏன் பாதி? அது பாதியிலதான் இருக்குன்னு உங்கிட்ட வந்து சொல்லுச்சா?" "பின்ன என்ன சார் போடுறது?" "ஒண்ணும் போடாத. கீழேன்னா கீழேன்னே விடு. விட்டுட்டு அளந்த பிள்ளைகளைப் பாரு. அந்த எண்ணெல்லாம் எப்படிப் பரவிக் கெடக்குன்னு பாரு. அந்தப் பரவலை வச்சு, அளக்க முடியாததுகளும் எங்கெங்க இருந்திருக்கலாம்னு எல்லா வழியையும் சேத்துக் கணக்குல எடுக்கலாம். ஒரு எண்ணுன்னு பிடிவாதம் பிடிக்காத. சைபர்ல இருந்து எல்லை வரைக்கும் எது வேணும்னாலும் இருக்கலாம்னு ஒத்துக்க." ஒத்துக்கொள் என்று சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள், தேநீர் வந்திருந்தது, வெளியே வேப்பமரத்தில் அணில் ஓடிக்கொண்டிருந்தது. பையன் கணக்கைத் திரும்பப் போட்டுக்கொண்டு வந்தான், முடிவு வேறாக இருந்தது, அவன் கண் விரிந்ததைப் பார்த்து அவருக்கு ஒரு நாள் பூராவும் சந்தோஷமாக இருந்தது.

கருங்குளத்தில் ரோட்டோரத்து மரங்கள் நெருங்கி வந்து, ஜன்னல் கம்பி நிழல் ஹெப்சிபாவின் கையில் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போட்டார், போடக்கூடாது என்று தெரிந்தே போட்டார். போன வருஷம் சைபர் என்று வைத்தால் இந்த வருஷம் புள்ளி நான்கு, ஏறியிருக்கிறது, நோய் திரும்பியிருக்கிறது. போன வருஷம் பாதி என்று வைத்தால் புள்ளி ஐந்திலிருந்து புள்ளி நான்கு, லேசாக இறங்கியிருக்கிறது. ரூட் இரண்டால் வகுத்தால் புள்ளி ஏழிலிருந்து புள்ளி நான்கு, நன்றாகவே இறங்கியிருக்கிறது, இனிப்பு வாங்கலாம். எதைப் போட்டோமோ அதற்கேற்ற கதையை எண் திருப்பிச் சொல்லிவிடுகிறது. செல்போனை எடுத்து இன்னொரு தடவை பார்த்தார், அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்த சமயமாகப் பார்த்து. அடியில் பொடி எழுத்தில் இருந்தது, புதிய முறை, புள்ளி ஒன்று வரை அளக்கக்கூடியது என்று. லேபில் மெஷினை மாற்றிவிட்டார்கள். அவ்வளவுதான். பழைய மெஷினுக்குக் கண் மங்கல், புதியதற்குக் கண் தெளிவு. இந்தப் புள்ளி நான்கு போன வருஷமும் இருந்திருக்கலாம், அதற்கு முந்தின வருஷமும் இருந்திருக்கலாம், ஆறு வருஷமும் அசையாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். இருக்கலாம். லாம், லாம். வகுப்பில் என்றால் நூறு பிள்ளைகள், இருநூறு பிள்ளைகள், அளந்தவர்களை வைத்து அளக்காதவர்களைத் தேடலாம். இங்கே ஒரே ஒருத்தி. அவளுடைய அளக்காத வருஷங்களுக்குப் பக்கத்தில் அளந்த வருஷம் ஒன்றே ஒன்று. எந்தக் கணக்கும் இதற்கு உதவாது. முப்பது வருஷப் பாடமும் ஒரு கூட்டத்துக்கான பாடம். ஜன்னலோரத்தில் கடலை உரிக்கிற ஒரு பெண்ணுக்கு அதில் ஒரு வரி கூட இல்லை.

ஆனால் அவர் ஏதோ ஓர் எண்ணைப் போட்டுத்தானே இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறார். ஒன்றும் போடாமல் யாராவது வாழ முடியுமா. ஹெப்சிபா சைபர் போட்டிருந்தாள், அது அவருக்குத் தெரியும், பாஸ் என்று சொல்லும்போதே தெரியும். அவர் என்ன போட்டார்? பாதியா? பாதி போடுகிற ஆளாக இருந்தால் அவள் தும்மினால் எழுந்து உட்கார்ந்திருக்க மாட்டார். அவள் முதுகு வலிக்கிறது என்றபோது எலும்பு எலும்பு என்று மனசுக்குள் ஒரு பல்லி கத்தியதே, மூட்டை தூக்கினேன் அதாம் என்று அவள் சொன்ன பிறகும் கத்தியதே. சமையலறையில் பாத்திரம் விழுந்தால் அவள் விழுந்துவிட்டாள் என்றுதானே ஓடினார். அவர் போட்டிருந்தது புள்ளி ஒன்பது ஒன்பது. எல்லையைத் தொட்டும் தொடாமல், அடுத்த தடவை மேலே வந்துவிடும் என்கிற இடத்தில், ஒவ்வொரு வருஷமும், ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும். ஆரிஃப் இப்படிச் செய்திருந்தால் பேப்பரைத் தூக்கி அவன் முகத்தில் எறிந்திருப்பார். இதைக் கண்டுபிடித்ததும் பஸ்ஸுக்குள் ஒரு விநாடி சத்தமே இல்லாமல் போனது போல இருந்தது. பிறகு கோழி கத்தியது, கண்டக்டர் சில்லறை கேட்டார், ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாழைத் தோட்டங்கள் ஆரம்பித்து, பச்சை பச்சையாக, கிழிந்த இலைகளோடு, கூடவே ஓடிவந்தன.

புள்ளி ஒன்பது ஒன்பதில் ஒரு மனிதன் எப்படிக் குடித்தனம் நடத்துவான். அயோடின் மருந்து கொடுத்து அனுப்பும்போது டாக்டர் சொன்னார், உடம்பிலிருந்து கதிர் வரும், ஒரு வாரம் தனியாகப் படுங்கள், கிட்டே போய் ரொம்ப நேரம் உட்காராதீர்கள் என்று. ஒரு வாரம். அவர் தலையணையை எடுத்துக்கொண்டு மகன் வேலைக்குப் போய்க் காலியாகக் கிடந்த முன்னறைக்குப் போனார். வாசற்படியில் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு நகர்ந்து நின்றார். அவள் உள்ளேயிருந்து கை ஆட்டினாள், ரயில் ஜன்னலிலிருந்து ஆட்டுகிற மாதிரி. அந்த ஒரு வாரமும் அவளை நினைத்துக்கொண்டு படுத்திருந்ததுபோல, கல்யாணமான புதிதில்கூடப் படுத்திருந்ததில்லை. அவளுடைய குதிகால் கரடுமுரடாக இருக்கும், மைதானத்து மண்ணில் நின்று நின்று, தூக்கத்தில் அது வந்து அவர் கணுக்காலில் உரசும், எத்தனை தடவை எரிச்சல்பட்டிருக்கிறார். அது உரசினால் போதும் என்றிருந்தது. எட்டாம் நாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு அவள் அறை வாசலுக்குப் போனார். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். கழுத்து வரை போர்வை. தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம், இன்னும் ஒரு நாள் நன்றாகத் தூங்கட்டும் என்று திரும்பிவிட்டார். மறுநாள் அவருக்கு இருமல், தொற்றிக்கொள்ளப் போகிறது என்று போகவில்லை. அதற்கு மறுநாள் என்ன காரணம் இருந்தது? ஏதோ இருந்தது. பிறகு காரணமே தேவைப்படவில்லை. தலையணை முன்னறைக் கட்டிலில் பள்ளம் போட்டுக்கொண்டது. யாரும் எதுவும் தீர்மானிக்கவில்லை, யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, காலையில் காபி வந்தது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குச் சேர்ந்து போனார்கள், ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆறு வருஷம்.

பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அவள் வாயசைப்பாள், அவ்வளவுதான். ஆபரேஷனில் குரலுக்குப் போகிற நரம்பு அடிபட்டுவிட்டது. முன்பெல்லாம் சர்ச்சில் அவள் பக்கத்தில் நிற்கக் கூச்சமாக இருக்கும். பாட்டு வாத்தியாரே திரும்பிப் பார்ப்பார், சுதியைப் பற்றிக் கவலையே படாமல் அப்படி ஒரு சத்தம். பெண் பார்க்கப் போன அன்றைக்கு அவள் நேரே மைதானத்திலிருந்து வந்திருந்தாள், சேலை மாற்றியிருந்தாளே தவிர புழுதி கழுத்தில் இருந்தது, அவருடைய அம்மா மெதுவாக, உம் பேரென்னம்மா என்று கேட்டதற்கு, "ஹெப்சிபா!" என்று அவள் சொன்ன சத்தத்தில் அம்மா கையிலிருந்த தம்ளர் ஆடியது. இவருக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புக்குத்தான் கல்யாணம் முடிந்தது என்று பிறகு அவள் சொல்லுவாள். சாயங்காலம் சைக்கிளில் வரும்போது பள்ளிக்கூட மதில் வருவதற்கு இரண்டு தெரு முன்னாலேயே கேட்கும், "ஏட்டி, கையை வீசி ஓடு, பிச்சையா கேக்க!" என்று. கேட்டதும் பெடல் தானாக வேகம் பிடிக்கும். இப்போது விசில்தான். அவள் கைதட்டி, விசிலடித்து, ஓடிப்போய்த் தோளைத் தொட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள், பிள்ளைகள் முன்னைவிட நன்றாகத்தான் விளையாடுகிறார்கள். அவருக்குத்தான் அந்தச் சத்தம் வேண்டியிருக்கிறது. மாடியிலிருந்து, ஏங்க, தண்ணி நெறஞ்சு ஊத்துது, மோட்டாரை அமத்துங்க என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு தடவை. இதில் பயங்கரம் என்னவென்றால் நினைவிலும் அது போய்க்கொண்டிருக்கிறது. பெண் பார்க்கப் போன அன்று, அந்தப் புழுதிக் கழுத்தோடு, தம்ளர் ஆடுகிறது, வாயைத் திறக்கிறாள், தவிடு புடைக்கிற இந்தக் குரல்தான் வருகிறது. இல்லை, இப்படி இல்லை என்று மறுபடி முதலிலிருந்து நினைத்துப் பார்க்கிறார். மறுபடியும் இதுதான் வருகிறது. குரல் எங்கே போயிருக்கும். காற்றில் எங்காவது, யாருக்கும் கேட்காத அளவில், இருந்துகொண்டுதான் இருக்குமா. இதை அவளிடம் சொல்லலாமா, உன் சத்தம் இல்லாமல் வீடு வீடாகவே இல்லை என்று. சொன்னால் குறை சொல்வது போலாகிவிடும். அதனால், தொண்டையை அலட்டாதே, மெதுவாப் பேசு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

ஆழ்வார்திருநகரி தாண்டியதும் அவள் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்துவிட்டது. தூங்கும்போது வாய் லேசாகத் திறந்திருந்தது. கழுத்தில் தழும்பு இப்போது மடிப்போடு மடிப்பாகிவிட்டது, தெரியாதவர்கள் பார்த்தால் வயசுக் கோடு என்பார்கள். அதை அவர் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. நாளைக்குக் காலையில் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம். ஹாஸ்டலில் தங்கிப் படித்த பிள்ளை, கடற்கரைப் பிள்ளை, ஹெப்சிபா கையில் வாலிபால் பழகி மாநில அணி வரைக்கும் போனவள். டீச்சர் வராமல் தாலி கட்ட விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். இந்தச் சந்தோஷத்தில் கொண்டுபோய்ப் புள்ளி நான்கைக் கொட்டுவதா. நாளை சாயங்காலம் சொல்லலாம். ஊருக்குத் திரும்பிச் சொல்லலாம். டாக்டரைப் பார்த்த பிறகு சொல்லலாம். சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன, அடுத்த பரிசோதனை வரைக்கும் தான் ஒருத்தனே சுமந்துகொண்டால் என்ன. அப்படி நினைத்ததும், அவர் அதில் ஏற்கெனவே பழகிய ஆள் என்பதும், தனியாகச் சுமந்து சுமந்துதான் முன்னறைக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தார் என்பதும் சேர்ந்தே வந்தது. பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது. அவள் தலை கம்பியில் மோதப்போனது, அவர் கை குறுக்கே போய் நின்றது. நெற்றி அவர் உள்ளங்கையில் வந்து இடித்தது. சூடாக, வியர்வையோடு, கனமாக. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள், "ரிப்போர்ட் வந்துட்டா?"

"வந்துட்டு" என்றார். "அதாம் மூஞ்சி அப்படி இருந்துதா? கொண்டாங்க." செல்போனைக் கொடுத்தார். அவள் கையை நீட்டி தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். "புள்ளி நாலு. எப்பமும் ஒண்ணுக்குக் கீழன்னுதான வரும்?" "மெஷினை மாத்திட்டாங்க. இது பொடிசா இருக்கதையும் பாக்கும். பழசு என்ன பண்ணும்னா, ஒரு எல்லைக்கு மேலதான்..." "கிளாஸ் எடுக்காதிய. கூடியிருக்கா, கொறஞ்சிருக்கா?" அவர் வாயைத் திறந்தார். ஆயிரம் டாக்டர்களுக்குச் சொன்ன பதில்கள் எல்லாம் வரிசையில் நின்றன. "தெரியாது ஹெப்சி" என்றார். அவள் திரும்பி அவரை முழுசாகப் பார்த்தாள். "தெரியாதா?" "தெரியாது. ஆறு மாசம் கழிச்சு இதே மெஷின்ல இன்னொரு தடவை பாக்கணும். அப்புறம் இன்னொரு தடவை. அப்பதான் ஏறுதா, அப்படியே நிக்குதான்னு சொல்ல முடியும். டாக்டரும் அதைத்தான் சொல்லுவாரு. அதுவரைக்கும் செய்யுததுக்கு ஒண்ணும் இல்ல." அவள் செல்போனைத் திருப்பிக் கொடுத்தாள். தென்திருப்பேரை ஸ்டாப்பில் ரெண்டு பேர் இறங்கினார்கள். "நான் இத்தன நாளும் சைபர்னுதான் நெனச்சேன்" என்றாள். "நீங்க என்ன நெனச்சிய?" பொய் சொல்ல இடம் இருந்தது. "ஒண்ணுன்னு" என்றார். "ஒண்ணுன்னா? எல்லாத் தடவையுமா?" "எல்லாத் தடவையும்." அவள் கடலைத் தோலைப் பொட்டலத்துக்குள் போட்டுச் சுருட்டினாள், சுருட்டிக்கொண்டே இருந்தாள். "அதாம் பக்கத்துல வரலியா?" என்றாள், அவ்வளவு மெதுவாக. அவருக்குக் கேட்டது. "நான் என்ன நெனச்சேன் தெரியுமா. அறுத்த கழுத்தப் பாக்க உங்களுக்கு அருவருப்பா இருக்கு, இந்தக் கட்டச் சத்தம் கேக்கப் பிடிக்கல, அதாம் பேசாதன்னும் சொல்லுதிய, தள்ளியும் படுக்கியன்னு நெனச்சேன். டாக்டர் ஒரு வாரம்னாவ. எட்டாம் நாள் நீங்க வாசல்ல வந்து நின்னிய. நான் முழிச்சிக்கிட்டுத்தான் கெடந்தேன். உள்ள வருவியன்னு பாத்தேன்."

வாழைகள் முடிந்து செம்மணல் மேடான தேரியும் பனைகளும் தொடங்கியிருந்தன, வெயில் மண்ணில் பட்டு பஸ்ஸுக்குள் எல்லார் முகமும் லேசாகச் சிவந்து தெரிந்தது. முழித்துக்கொண்டுதான் கிடந்தாளா. சுவரைப் பார்த்துக்கொண்டு, தலையணையோடு நிற்கிற நிழலைச் சுவரில் பார்த்துக்கொண்டு. இரண்டு எட்டு வைத்திருந்தால் போதும். இரண்டு எட்டு தூரத்தை ஆறு வருஷமாகக் கடக்கவில்லை. "அருவருப்பா?" என்றார், "உன்னையா? ஏளா, நான் உன் குரலக் கேக்க முடியலயேன்னு..." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "உன் சத்தம் இல்லாம எனக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வரவே பிடிக்கல ஹெப்சி." இதைச் சொல்லும்போது முன் சீட்டுக்காரரின் பிடரியைப் பார்த்துத்தான் சொன்னார். அவள் முழங்கையால் அவர் விலாவில் இடித்தாள், வாலிபால் மைதானத்தில் கவனமில்லாத பிள்ளையை இடிக்கிற இடி. "ஒண்ணுன்னு வச்சிருந்த மனுசனுக்குப் புள்ளி நாலு லாபந்தான?" என்றாள். அவர் யோசித்தார். சரிதான். தப்பான எண்ணைப் போட்டு வாழ்ந்தவனுக்கு இன்றைக்கு வந்திருப்பது நல்ல செய்தி. புள்ளி நான்கில் மனுஷர் இருக்கலாம். பயம் போகவில்லை. இருந்துகொள்ளட்டும் என்றிருந்தது.

குரும்பூரில் ஆள் ஏற்றுவதற்காக பஸ் நின்றுகொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. ஜெசிந்தாவின் அப்பா பெர்க்மான்ஸ். மணப்பாட்டில் இரண்டு விசைப்படகு வைத்திருப்பவர், கடல் காற்றை மீறிப் பேசிப் பழகியவர், செல்போன் தேவையில்லை என்கிற மாதிரிப் பேசுவார். "சார், எங்க வந்துட்டிய? படுக்குத எடத்தப் பத்திக் கவலப்படாண்டாம். ஆம்பிளைய எல்லாருக்கும் கோயில் ஹால்ல பாய் போட்டாச்சு. டீச்சர் நம்ம வீட்டுல பொம்பிளையளோட படுத்துக்கிடட்டும்!" சரி, அப்படியே செய்யலாம் என்பது அவர் நாக்கு நுனிக்கு வந்தது. எல்லாக் கல்யாண வீட்டிலும் அதுதான் வழக்கம், யாரும் இதில் பேச ஒன்றும் இல்லை. அவர் பக்கத்தில் பார்த்தார். ஹெப்சிபாவுக்கும் கேட்டிருந்தது, பெர்க்மான்ஸ் பேசினால் கேட்காமல் இருக்குமா. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இல்ல" என்றார் தனசிங். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரு ரூம் வேணும்." அந்தச் சமயம் பார்த்து டிரைவர் எஞ்சினை உறுமவிட்டார். "என்ன சார்? கேக்கல!" "ஒரு ரூம் வேணும்!" "ஹால்ல ஃபேன் இருக்கு சார், கொசு கெடையாது!" "ஃபேன் இல்ல, ரூம்!" அவர் பாதி எழுந்து நின்றுவிட்டார். "எனக்கும் டீச்சருக்கும்! ஒரே ரூம்! நாங்க ஒண்ணாத்தான் படுக்கணும்!" வாழ்நாளில் அவர் அப்படிக் கத்தியதில்லை. கோழிக்கூடை அம்மாள் திரும்பிப் பார்த்தாள், முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார், கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஹெப்சிபா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, "உக்காருங்க, பஸ்ஸே கேக்குது" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள், இழுத்த கை சட்டையை விடவில்லை. அந்தப் பக்கம் கையால் பொத்திய மாதிரிப் பேச்சு கேட்டது. யாரிடமோ கேட்கிறார் போல. பிறகு பெர்க்மான்ஸ், முதல் தடவையாகக் குரலைத் தணித்து, "மச்சில ஒரு ரூம் இருக்கு சார். வலையெல்லாம் போட்டு வச்சிருக்கோம், ஒதுக்கித் தாரேன். ஆனா ஒத்தக் கட்டில்தான் கெடக்கு, சின்னது, ரெண்டு பேருக்குக் காணாதே" என்றார். "காணும் அண்ணாச்சி" என்றார் தனசிங். "தாராளமாக் காணும்."